16 ஹெர்ட்ஸ் அச்சமும் பேச்சுப் பொத்தானும்: பிரிட்டிஷ் காவலர்களின் டெட்ரா வாக்கி-டாக்கி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2001ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயர் காவல்துறை, தன் காவலர்களிடமிருந்த பழைய அனலாக் வாக்கி-டாக்கிகளுக்கு மாற்றாக 'ஏர்வேவ்' என்னும் டிஜிட்டல் வலையமைப்பின் செட்டுகளை வழங்கத் தொடங்கியது. பிரிட்டனில் அந்த வலையமைப்புக்கு முதலில் மாறிய காவல்துறை அதுவே. புதிய செட்டுகள் புழக்கத்துக்கு வந்த சிறிது காலத்திலேயே காவலர்களில் சிலர் தலைவலி என்றும் குமட்டல் என்றும் முறையிட்டார்கள். பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. அலைக்கம்பம் நடப்பட்ட ஊர்களில் குடியிருப்போரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு அரசும் பல்கலைக்கழகங்களும் அந்த ஒரு செட்டின் மீது செலுத்திய கவனத்தை வேறெந்தக் கையடக்க ரேடியோவும் பெற்றதில்லை என்றே சொல்லலாம்.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. வாக்கி-டாக்கியால் உடலில் படும் ரேடியோ அலையைக் குறைப்பது எப்படி என்று கேட்டால், பெட்டியில் வரும் துண்டுச்சீட்டிலுள்ள நான்கு வரிகளைத்தான் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். அந்த வரிகள் எதிலிருந்து பிறந்தன, அவற்றுள் எது முதன்மையானது, எதற்கு அஞ்சலாம், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை அந்தச் சீட்டு சொல்வதில்லை. பிரிட்டனில் நடந்தது அதைச் சொல்கிறது. அதுவும், தவறான கேள்வியில் தொடங்கி நெடுந்தூரம் சுற்றிவந்து சொல்கிறது.

செட் எப்படிப் பேசுகிறது

ஏர்வேவ் வலையமைப்பு 'டெட்ரா' என்னும் ஐரோப்பியத் தரத்தில் அமைந்தது. காவலரின் செட் 380 முதல் 385 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் அனுப்புகிறது. கம்பம் 390 முதல் 395 வரையுள்ள அலைவரிசையில் பதில் அனுப்புகிறது. ஒரே அலைவரிசையை நான்கு பேர் பகிர்ந்துகொள்வதற்காக நேரத்தை நான்கு கூறாக வெட்டியிருக்கிறார்கள். இப்படி வெட்டிய ஒரு சுற்று (ஃபிரேம்) என்பது ஏறத்தாழ 56.67 மில்லிநொடி, அதில் நான்கு இடங்கள், ஒவ்வொன்றும் 14.17 மில்லிநொடி. பொத்தானை அழுத்திப் பேசும்போது செட் தனக்குரிய ஓரிடத்தில் மட்டும் அலையை வெளியிட்டுவிட்டு மற்ற மூன்று இடங்களிலும் வாய்மூடி இருக்கிறது. பேசுபவருக்கு இந்த இடைவெளி தெரியாது, ஏனெனில் குரல் எண்களாகச் சுருக்கப்பட்டு அந்தக் கால் பங்கு நேரத்துக்குள் அடைக்கப்படுகிறது. ஆனால் செட்டின் ஆண்டெனாவுக்கு அருகே ஓர் அளவியை வைத்தால், அலை நொடிக்கு 17.6 முறை எழுந்து எழுந்து அடங்குவது தெரியும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, செட்டின் உச்சத் திறன் 1 வாட் என்றால், பேசும் நேரத்திலும் அதன் சராசரித் திறன் கால் வாட்தான். இரண்டாவது, அந்த 17.6 என்னும் எண். முதல் செய்தியை அன்று பெரும்பாலோர் கவனிக்கவில்லை. இரண்டாவதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

அச்சத்தின் வேர்

1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள், உடலிலிருந்து பிரித்தெடுத்த கோழிக்குஞ்சு மூளைத் திசுவின் மீது 147 மெகாஹெர்ட்ஸ் அலையைச் செலுத்தினார்கள். அலையைச் சீராகச் செலுத்தியபோது எதுவும் மாறவில்லை. அதன் வலிமையை நொடிக்குப் பதினாறு முறை அளவில் ஏற்றி இறக்கியபோது திசுவிலிருந்து கால்சியம் கூடுதலாக வெளியேறியதாக அவர்கள் அறிவித்தார்கள். நரம்பணுக்களின் வேலையில் கால்சியத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதால் இந்த முடிவு கவனத்தைக் கவர்ந்தது. அதை மறுபடி செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அதே முடிவு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. இதனால் உடல்நலத்துக்கு என்ன தீங்கு என்பதையும் எவராலும் காட்ட முடியவில்லை.

2000 மே மாதத்தில், சர் வில்லியம் ஸ்டுவர்ட் தலைமையிலான வல்லுநர் குழு செல்பேசியும் உடல்நலமும் குறித்த தன் அறிக்கையைப் பிரிட்டிஷ் அரசிடம் அளித்தது. வருங்காலத் தொழில்நுட்பங்களில் 16 ஹெர்ட்ஸையொட்டிய, அதாவது நொடிக்கு 16 முறை அளவிலான ஏற்ற இறக்கத்தை, முடிந்தால், முன்னெச்சரிக்கையாகத் தவிர்ப்பது நல்லது என்று அந்த அறிக்கை சொன்னது. அது செல்பேசியை மனத்தில் வைத்து எழுதிய அறிக்கை. ஆனால் அதே ஆண்டில்தான் ஏர்வேவ் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அந்தச் செட்டின் துடிப்போ 17.6. தவிர்க்கச் சொன்ன இடத்திலேயே அரசு தன் காவலர்களின் கையில் செட்டைக் கொடுக்கிறது என்ற வாதம் அங்கிருந்துதான் கிளம்பியது. வாதத்தில் தர்க்கப் பிழை எதுவுமில்லை. பயன்படுத்துபவரிடம் எதையும் கேட்காமல், சொல்லாமல் கருவியை மாற்றும்போது இப்படியொரு கேள்வி எழுவது நியாயமே.

அரசு தேடிய விடை

உள்துறை அமைச்சகம் தேசியக் கதிரியக்கப் பாதுகாப்பு வாரியத்தை நாடியது. வாரியத்தின் அயனியாக்காக் கதிர்வீச்சு ஆலோசனைக் குழு 2001இல் டெட்ராவுக்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. குழுவின் தலைவர் சர் ரிச்சர்ட் டால். 1950இல் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய இருவரில் ஒருவர். தெரியாதவை இன்னும் உள்ளன, ஆயினும் டெட்ரா அலையின் தனித்தன்மையால் உடல்நலக் கேடு விளைவதற்கு வாய்ப்பில்லை என்றே கிடைத்துள்ள சான்றுகள் காட்டுகின்றன என்பது அவர்கள் முடிவு. அதோடு இன்னொன்றையும் தெளிவாக்கினார்கள்: கம்பத்திலிருந்து வரும் அலை இடைவிடாமல் வருவது, அதில் இந்தத் துடிப்பு இல்லை. துடிப்பு காவலரின் கைச்செட்டில் மட்டுமே உண்டு. 16 ஹெர்ட்ஸைக் காரணம் காட்டிக் கம்பத்தை எதிர்த்தவர்களின் வாதத்தில் பாதி அங்கேயே விழுந்துவிட்டது. அது அவர்கள் காதுக்கு எட்டியதா என்பது வேறு.

கால்சியம் பற்றிய கேள்விக்கும் நேரடியாகவே விடை தேடினார்கள். போர்ட்டன் டவுனிலுள்ள பாதுகாப்புத்துறை ஆய்வகத்தில், எலியின் சிறுமூளை நரம்பணுக்களையும் இதயத் தசையணுக்களையும் 380.9 மெகாஹெர்ட்ஸில், 17.6 ஹெர்ட்ஸ் துடிப்பில், கால் பங்கு நேர அளவில், அதாவது டெட்ரா செட் வெளியிடும் அதே வடிவத்திலான அலைக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி உயிரணுக்களின் கால்சியத்தில் டெட்ராவால் வந்ததென்று சொல்லத்தக்க மாற்றம் இல்லை.

உயிரணுவில் மாற்றமில்லை என்பதால் தலைவலிக்காரருக்குத் தலைவலி இல்லை என்று ஆகிவிடாது. அதை லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு சோதித்தது. டெட்ரா செட்டால் தமக்கு உபாதை வருகிறது என்று சொன்ன 60 பேரையும், அப்படி எதுவும் உணராத 60 பேரையும் அழைத்து, ஒவ்வொருவரையும் மூன்று அமர்வுகளில் 50 நிமிடம் தலையருகே கருவியோடு இருக்கச் செய்தார்கள். ஓர் அமர்வில் டெட்ரா போன்ற துடிப்பலை, ஓர் அமர்வில் துடிப்பற்ற சீரலை, மற்றொன்றில் அலையே இல்லை. எந்த அமர்வில் எது என்று உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியாது, குறிப்பெடுத்தவருக்கும் தெரியாது. 2011இல் வெளியான முடிவு யாரும் எதிர்பாராதது. அஞ்சப்பட்ட துடிப்பலையால் தீய விளைவு எதுவும் பதிவாகவில்லை. துடிப்பில்லாத சீரலையின்போதுதான் இரு குழுவினரிடமும் தலைவலி சற்றுக் கூடியது. உபாதை உண்டென்று சொன்னவர்களிடம் களைப்பும் கவனக்குறைவும் கூடின, அரிப்போ குறைந்தது. மற்றொருவர் இதை மீண்டும் செய்து காட்டும்வரை பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். என் கருத்தும் அதுவே. பல அளவைகளை ஒருசேர ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒன்றிரண்டு தற்செயலாக விலகி நிற்பது வழக்கம். ஒரே அலை தலைவலியைக் கூட்டி அரிப்பைக் குறைத்தது என்பதே அந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது.

நீண்ட காலக் கேள்வியை லண்டன் இம்பீரியல் கல்லூரி எடுத்துக்கொண்டது. 2004இல் தொடங்கி 2015 வரை, காவலர்களும் காவல்துறை ஊழியர்களுமாக 53,000க்கும் மேற்பட்டோரை ஒரே தொகுதியாகச் சேர்த்துப் பின்தொடர்ந்தார்கள். புற்றுநோய் குறித்த முதல் பெரிய முடிவு 2019இல் வந்தது. அதில் 48,518 பேர். பின்தொடர்ந்த காலத்தின் இடைநிலை (பாதிப் பேருக்கு இதைவிடக் கூடுதல், பாதிப் பேருக்குக் குறைவு) 5.9 ஆண்டு, அதற்குள் புற்றுநோய் வந்தவர்கள் 716 பேர். செட் பயன்படுத்தியவர்களிடம், பயன்படுத்தாதவர்களைவிடப் புற்றுநோய் கூடுதலாக இல்லை. அதிகம் பேசியவர்களிடமும் கூடவில்லை. 5.9 ஆண்டு என்பது புற்றுநோய்க்குச் சிறிய காலம் என்பதையும், தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதையும் அந்தக் கட்டுரையே சொல்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதத்தில் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பிரிவில் வைத்ததும் இங்கே நினைவுக்கு வரும். அந்தப் பிரிவு சான்றின் வலுவைக் குறிப்பது. எவ்வளவு பட்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அது அளப்பதில்லை. 'கதிர்வீச்சு' என்ற சொல்லும் தமிழில் நமக்கு ஒரு தொல்லைதான். எக்ஸ்ரேயையும் அணு உலையையும் வாக்கி-டாக்கியையும் ஒரே சொல்லுக்குள் அது அடைத்துவிடுகிறது. செட்டின் அலைக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றல் கிடையாது. அறியப்பட்ட, உறுதிப்பட்ட விளைவு திசுவைச் சூடாக்குவது ஒன்றே.

அரை மணி நேரம்

2019ஆம் ஆண்டு ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது புற்றுநோய் எண் அல்ல. வேறொரு சிறு எண். செட் பயன்படுத்தியவர்கள் மாதத்துக்கு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று பார்த்தபோது இடைநிலை 30.5 நிமிடம் என்று வந்தது. மாதத்துக்கு, நாளுக்கு அல்ல. பத்து மணி நேரம் மார்பில் மாட்டியிருக்கும் கருவி என்பதால் பத்து மணி நேரமும் அலைபடுகிறது என்றுதான் மாட்டியிருப்பவருக்குத் தோன்றும். உண்மையில் ஒலிபெருக்கி கரகரக்கும்போது செட் கேட்டுக்கொண்டிருக்கிறது, அனுப்பவில்லை. வலையமைப்போடு தொடர்பைப் புதுப்பிக்க அது அவ்வப்போது வெளியிடும் சிறு துணுக்குகளை ஒதுக்கிவிட்டால், பேச்சுப் பொத்தான் அழுந்தியிருக்கும் நொடிகள்தான் கணக்கில் வருபவை.

பல ஆண்டுகள் எல்லோரும் விவாதித்தது துடிப்பு நொடிக்கு எத்தனை என்பதை. காவலரின் தலை எவ்வளவு அலையை வாங்கும் என்பதைத் தீர்மானிப்பவையோ மூன்று: செட்டின் திறன், ஆண்டெனாவுக்கும் உடலுக்கும் உள்ள தூரம், பொத்தான் அழுந்திய நேரம். மூன்றும் முதல் நாளிலிருந்தே தெரிந்தவை. மூன்றிலும் கைவைக்க முடியும். லங்காஷயரில் செட்டைக் கையில் கொடுத்த நாளன்றே இந்த மூன்றையும் வைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் முறையீடுகள் வந்திராது என்று சொல்ல மாட்டேன். வந்த முறையீட்டோடு என்ன செய்வது என்பதாவது தெரிந்திருக்கும்.

திறனை முதலில் பார்ப்போம். டெட்ரா கைச்செட்டின் சராசரி கால் வாட் என்றேன். பழைய இரண்டாம் தலைமுறைச் செல்பேசி 900 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சமாக வெளியிட்ட சராசரியும் அதே கால் வாட்தான். இதற்கு எதிராக, நம்மூரில் காவலாளிகளும் கட்டுமானத் தளங்களும் திருவிழாத் தொண்டர்களும் கையில் வைத்திருக்கும் அனலாக் செட்டுகள் பெரும்பாலும் 4 அல்லது 5 வாட் கொண்டவை. அவற்றில் நேரக்கூறு கிடையாது. பொத்தான் அழுந்தியிருக்கும்வரை முழுத் திறனும் இடைவிடாமல் வெளியேறும். அதாவது, உலகமே கூடி ஆராய்ந்த செட்டைப்போல் பதினாறு முதல் இருபது மடங்கு. இந்த வேறுபாட்டை நான் எடுத்துச் சொன்ன பல இடங்களில் அதைக் கேட்பது அதுவே முதல்முறை என்றார்கள்.

எவ்வளவு என்றால் அதிகம்? உடல் வாங்கும் அலையை ஒரு கிலோ திசுவுக்கு இத்தனை வாட் என்று அளக்கிறார்கள், எஸ்.ஏ.ஆர். என்பது அதுதான். வேலையில் பயன்படுத்துவோரின் தலைக்கும் உடற்பகுதிக்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையமான இக்னிர்ப் வைத்த வரம்பு, 10 கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 10 வாட். பொதுமக்களுக்கு 2 வாட். அமெரிக்காவில் இதையே 1 கிராம் திசுவில் அளந்து, தொழிலாளருக்கு 8, பொதுமக்களுக்கு 1.6 என்று வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் பணியிட மின்காந்தப் புலங்களுக்கான விதிகள் 2016 ஜூலை முதல் நடப்பில் உள்ளன. அவையும் தலைக்கு 10 என்ற எண்ணையே பின்பற்றுகின்றன.

அந்தப் பத்தைக் கைக்கணக்காகப் பார்த்தால் பயம் ஒரு வடிவத்துக்கு வரும். ஒரு கிலோ திசுவை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 3,500 ஜூல் வேண்டும். நொடிக்கு 10 ஜூல் வீதம் ஆறு நிமிடம் ஊற்றினால் 3,600 ஜூல். ஆக, இரத்த ஓட்டமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், வரம்பைத் தொட்ட நிலையில் ஆறு நிமிடத்தில் ஏறும் சூடு 1 டிகிரி அளவுதான். ஓடும் இரத்தம் அதில் பெரும்பகுதியை அள்ளிச் சென்றுவிடும். கண்ணின் வில்லைக்கு இரத்த ஓட்டம் கிடையாது. சூட்டை அது மெதுவாகவே இழக்கும். முகத்துக்கு நேரே ஆண்டெனாவைச் சாய்த்துப் பிடிக்காதீர்கள் என்று சொல்வதற்குப் பின்னால் இந்த உடற்கூறு இருக்கிறது.

2.5 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது

துண்டுச்சீட்டில் இருக்கும் அந்த வரிகளை இனி வாசிக்கலாம். செட்டை நிமிர்த்தி, முகத்துக்கு முன்னால், வாயிலிருந்து குறைந்தது 2.5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பேசுக என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பொதுவான அறிவுரைபோல இருக்கிறது. ஆனால் அந்த 2.5 என்பது சோதனைக்கூடத்தின் எண். பொத்தானை அழுத்திப் பேசும் ரேடியோவைச் சோதிக்கும்போது, மனித உடலைப் போன்று அலையை உறிஞ்சும் திரவம் நிரப்பிய தொட்டியிலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி வைத்துத்தான் முகநேர் அளவை எடுக்கிறார்கள். இடுப்பில் மாட்டும் நிலைக்கு, பெட்டியோடு வந்த கிளிப்பையோ உறையையோ மாட்டி அளக்கிறார்கள். 'பேச்சில் பாதி நேரத்துக்கு மேல் அனுப்பாதீர்கள்' என்ற வரியும் அப்படியே. கிடைத்த அளவைப் பாதியாக்கித்தான் வரம்போடு ஒப்பிடுகிறார்கள். எனவே உதட்டில் ஒட்டிவைத்துப் பேசினாலோ, கிளிப் உடைந்துவிட்டதென்று செட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாலோ, வரம்பு உடனே மீறப்பட்டுவிட்டது என்று பொருளில்லை. அந்தச் சோதனையை வைத்துக் கொடுத்த சான்றிதழ் உங்கள் நிலையைப் பற்றி இனி எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

தூரம் இவ்வளவு பெரிதாக வேலை செய்வது ஏன் என்பதைப் பலர் 'தூரம் இரட்டித்தால் அலை கால்வாசி' என்ற பள்ளிப் பாடத்தால் விளக்குவார்கள். அது தொலைவில் சரி. 380 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 79 சென்டிமீட்டர் அளவு. அதில் ஆறில் ஒரு பங்கான 12 அல்லது 13 சென்டிமீட்டருக்குள் இருக்கும் எவரும் அருகுப் புலத்தில், அதாவது அலை ஆண்டெனாவை விட்டு இன்னும் முழுதாகப் பிரியாத பகுதியில் இருக்கிறார். 160 மெகாஹெர்ட்ஸில் பேசும் செட்டுக்கு இந்த எல்லை 30 சென்டிமீட்டர் வரை நீள்கிறது. வாயருகே பிடித்த செட் எப்போதும் இந்த எல்லைக்குள்தான். அங்கே புலம் ஆண்டெனாவைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒவ்வொரு சென்டிமீட்டர் விலகலுக்கும் பள்ளிக் கணக்கு சொல்வதைவிட வேகமாகவே தேய்கிறது. ஆகவே காதோடு ஒட்டிப் பிடிப்பதற்கும் முகத்துக்கு முன் சற்றுத் தள்ளிப் பிடிப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, கையைச் சற்றே நகர்த்தும் அந்தச் சிறு அசைவைப் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்குப் பெரியது.

பிரிட்டிஷ் காவலரின் உடையை நினைத்துப் பாருங்கள். குத்துத்தடுப்புச் சட்டையின் மார்பில், தோளுக்குச் சற்றுக் கீழே செட் மாட்டப்பட்டிருக்கிறது. பேச வேண்டுமானால் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தியபடி முகத்தைத் தாழ்த்திச் செட்டை நோக்கித் திருப்புகிறார். அந்த நொடியில், செட்டின் தலையிலிருந்து எழும் குட்டை ஆண்டெனாவின் நுனி தாடைக்கும் காதுக்கும் அருகே வந்து நிற்கிறது. பேசும் நேரத்தில் மட்டும்தான் அலை வெளியாகிறது. பேசும் நேரத்தில் மட்டும்தான் தலையும் அருகே வருகிறது. இந்த ஓர் அசைவை மாற்ற, சுருள்கம்பியில் தொங்கும் தனி மைக்கே போதும். மைக் காலரில் இருக்கட்டும், செட் இடுப்புக்குப் போகட்டும். தலைக்குப் படுவது வெகுவாகக் குறைந்துவிடும். இடுப்புக்குப் படுவது உறையின் தடிமனால் கட்டுப்படும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. இடுப்பில் இருக்கும் ஆண்டெனாவின் அலையில் ஒரு பகுதியை உடலே மறித்துக்கொள்கிறது. தொடர்பு எட்டும் தூரம் குறையும். டெட்ரா செட் வலையமைப்பின் வலுவைப் பார்த்துத் தன் திறனைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும். வலு குறைந்தால் முழுத் திறனுக்கு ஏறிவிடும். நிலவறையிலும் இரும்புக் கூரையின் கீழும் காருக்குள்ளும் நடப்பது அதுவே. காருக்குள் கைச்செட்டில் கத்துவதைவிட, கூரைமேல் ஆண்டெனா பொருத்திய வண்டிச் செட்டில் பேசுவது தொடர்புக்கும் நல்லது, தலைக்கும் நல்லது. நடுவே ஒரு தகரக் கூரை நிற்கிறது.

ஆண்டெனா பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாக. அதன் ரப்பர் உறை கிழிந்து உள்ளிருக்கும் கம்பி தெரிந்தால் செட்டை ஒதுக்கிவைக்க வேண்டும். அனுப்பும்போது அந்த உலோகம் தோலில் பட்டால் சிறு தீக்காயம் உண்டாகும். இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிப்பதை எல்லா இடத்திலும் காணலாம். அது மாற்று ஆகாது. ஆண்டெனாவைப் பிடித்துச் செட்டைத் தூக்குவதும், பேசும்போது அதை விரல்களுக்கு நடுவே உருட்டுவதும் பழக்கமாகிவிட்டவர்கள் பலர். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவருக்குக் கவலை வேறு. அங்கே திசுச்சூடு பொருட்டல்ல, கருவி குழம்புவதே பொருட்டு. செட்டை அதிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைக்கச் சொல்வார்கள், 3 வாட்டைத் தாண்டிய செட்டென்றால் 30 சென்டிமீட்டர் என்பார்கள். தம் கருவிக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டே அவர் செட்டைத் தொட வேண்டும்.

மேற்சொன்ன எல்லாமே ஒரு நிபந்தனையில் நிற்கின்றன: செட் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு பட்டையில் மட்டுமே உரிமமின்றிக் குறைந்த திறன் செட்டுகளைப் பயன்படுத்தலாம் என்று 2018ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆனாலும் இணையக் கடைகளில் எந்த அலைவரிசை, என்ன திறன், என்ன ஒப்புதல் என்று எதுவும் குறிப்பிடாத செட்டுகள் பொம்மைகளோடு பொம்மையாக விற்கப்பட்டன. 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனைத் தளங்களுக்கு அறிவிக்கை அனுப்பி, வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. எஸ்.ஏ.ஆர். அறிக்கை இல்லாத செட்டுக்கு 2.5 சென்டிமீட்டர் போதுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

நேரத்தை எண்ணுதல்

முறையிட்ட காவலர்களிடமே திரும்புவோம். அவர்களுடைய தலைவலி உண்மையானது. டெட்ரா அலைதான் காரணம் என்பது மட்டுமே நிறுவப்படவில்லை. புதிய செட்டோடு புதிய காதொலிப்பான் வந்தது, ஒலியளவு மாறியது, சட்டையின் எடை கூடியது. இரவுப்பணி முன்போலவே இருந்தது. இவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க, எந்தக் காவலர் எந்த நாளில் எத்தனை நிமிடம் அனுப்பினார் என்ற பதிவு முதலில் தேவை. டிஜிட்டல் வலையமைப்பில் அது தானாகவே சேர்கிறது. இம்பீரியல் கல்லூரியின் ஆய்வு நினைவை மட்டும் நம்பாமல் அந்தப் பதிவையும் எடுத்தாண்டதால்தான் 30.5 என்ற எண் நமக்குக் கிடைத்தது. அனலாக் செட்டில் எதுவும் பதிவாவதில்லை. அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது: மிக அதிகம் பேசும் ஒருவருடன் ஒரு பணிமுறை முழுவதும் இன்னொருவர் நின்று, பொத்தான் அழுந்தும் நொடிகளை ஆறு ஆறு நிமிடமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்குக்காக ஒரு வாயிற்காவலரை எடுத்துக்கொள்வோம். கையில் 4 வாட் செட். ஆறு நிமிடத்தில் நான்கு முறை, முறைக்கு ஐந்து நொடி பேசுகிறார் என்றால் அனுப்பிய நேரம் 20 நொடி. சராசரித் திறன் 0.22 வாட், டெட்ரா செட்டில் ஒருவர் இடைவிடாமல் பேசுவதற்கு ஏறத்தாழச் சமம். அதே செட், தேர் நிலையிலிருந்து புறப்படும் நேரத்தில் கூட்டத்தை ஒழுங்கு செய்பவர் கையில் இருந்தால், அவர் ஆறு நிமிடத்தில் மூன்று நிமிடம் பொத்தானை விடாமல் பேசக்கூடும். அப்போது சராசரி 2 வாட்; சோதனைக்கூடம் அனுமதித்த பாதி நேரத்தின் விளிம்பு. முதலாமவரிடம் வாயருகே ஒட்டிப் பிடிக்காதீர்கள் என்று சொன்னால் போதும். இரண்டாமவருக்குத் தனி மைக் வாங்கித் தர வேண்டும், திறனைக் குறைக்கும் திருகு செட்டில் இருந்தால் 1 வாட்டில் வைத்துத் தர வேண்டும், மணிக்கொருமுறை இன்னொருவர் கைக்குச் செட்டை மாற்ற வேண்டும்.